வாஷர் மாத்தற நேரம்

ரேட்டா சார்? சொல்றேன். சொல்லாம எங்க போயிடப் போறேன். முதல்ல இது இறுகட்டும். உள்ள பசை வெச்சிருக்கேன், முக்கால் மணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் வாஷ்பேசின் பக்கம் யாரும் போயி குழாயைத் திறந்துடாதீங்க. நான் இப்படி சுவர் ஓரமா உக்காந்துக்கறேன். நாற்காலி வேணாம் சார், பேண்ட்டெல்லாம் ஈரம். தரையே போதும். ஃபோனை மட்டும் எதிர்லயே வெச்சுக்கறேன், தப்பா நெனைச்சுக்காதீங்க. சத்தத்தைக் கூட்டித்தான் வெச்சிருக்கேன். அடிக்காது. இருந்தாலும் வெச்சுக்கறேன்.

நீங்க வாசல்லயே கேட்டீங்க பாருங்க, எவ்வளவு ஆகும்னு. அது நல்ல பழக்கம். நிறைய பேரு கேக்க மாட்டாங்க. எல்லாம் முடிஞ்சு நான் பையைக் கட்டறப்பதான் கேப்பாங்க. சொன்னதும் மூஞ்சி மாறும். அந்த மூஞ்சி மாறுறதைப் பாத்துப் பாத்துத்தான் நான் ரேட்டுப் போடவே கத்துக்கிட்டேன். முப்பத்தோரு வருஷமா இந்தத் திருச்சில இதே வேலை. சவரிமுத்துன்னு சொன்னா பாலக்கரைல தெரியும். உங்க வாட்ச்மேன் சொல்லியிருப்பாரு. என்ன சொன்னாரு? வேலை சுத்தம், ஆனா கொஞ்சம் இழுப்பாருன்னு சொல்லியிருப்பாரு. சொல்லட்டும். பொய்யா சொல்லிட்டாரு?

கேளுங்க. புது வீடு கட்டறாங்கன்னா எங்களுக்கு ரேட்டுல குழப்பமே கிடையாது. ஒரு குழாய் வர்ற இடம் ஒரு பாயிண்ட்டு, பாயிண்ட்டுக்கு இவ்வளவுன்னு பேசி முடிச்சுருவோம். சண்டையே வராது. சண்டையெல்லாம் இந்த ரிப்பேர்லதான். ஒழுகுது, அடைச்சுக்கிச்சு, தண்ணி ஏறலன்னு கூப்பிடுவாங்க. போயிப் பாத்தா அஞ்சு நிமிஷ வேலையா இருக்கும். அஞ்சு நிமிஷத்துக்கு என்ன ரேட்டுப் போடுவீங்க? நீங்களே சொல்லுங்க.

இதே கே.கே. நகர்ல, நாலு தெரு தள்ளி, ஒரு ரிட்டயர்டு ஆபீசர். மோட்டார் ஓடுது, மாடி டேங்குக்குத் தண்ணி ஏறல. எனக்கு முன்னாடி மூணு பேரு வந்துட்டுப் போயிருக்காங்க. அதுல ஒருத்தன் மோட்டாரையே மாத்தணும்னு சொல்லிட்டுப் போயிருக்கான். நான் போனேன், மோட்டார் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டேன். தரைக்கு அடில தண்ணி தேக்கற சம்ப்புல இறங்கி, உறிஞ்சற பைப்போட அடில சுத்திக்கிட்டிருந்த ஒரு பால் கவரை உருவி எடுத்தேன். தண்ணி ஏறிடுச்சு. நானூறு ரூபா சார்னேன். அவரு கவரைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. ஒரு பால் கவரை எடுக்கறதுக்கு நானூறு ரூபாயான்னு கேட்டுட்டு நூறு ரூபாயை நீட்டினாரு. மூணு பேரால முடியாததை முடிச்சுக் குடுத்திருக்கேன், அது அவரு கண்ணுக்குத் தெரியல. கவருதான் தெரியுது. நானும் வாங்கிட்டு வந்துட்டேன்.

அதே வாரம் கருமண்டபத்துல ஒரு டீச்சரம்மா வீடு. சுவத்துல ஈரம். அங்க நான் தப்புப் பண்ணிட்டேன் சார். இங்கதான் ஒழுகுதுன்னு ஒரு இடத்துல டைல்ஸை உடைச்சேன், அங்க இல்ல. இன்னொரு இடத்துல உடைச்சேன், அங்கயும் இல்ல. மூணாவதுதான் கிடைச்சது. நாலு மணி நேரம், தலையெல்லாம் சிமெண்டுத் தூசி. எனக்கே வெக்கமா இருந்தது, இருநூறு குடுங்கம்மா போதும்னேன். அந்தம்மா எழுநூறு ரூபா குடுத்து, சோறும் போட்டு, பாவம் மனுஷன் காலைலேருந்து மாடா உழைக்கறாருன்னு அவங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னாங்க. தெரியாம உடைச்சதுக்கு எழுநூறு. தெரிஞ்சு எடுத்ததுக்கு நூறு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். ஜனங்க வேலைக்குக் காசு குடுக்கறதில்ல சார். கஷ்டத்தைப் பாத்துத்தான் குடுக்கறாங்க. அப்ப கஷ்டத்தைக் காட்ட வேண்டியதுதானே.

சிரிக்கறீங்க. எங்க ஆளுங்க எல்லாரும் செய்யறதுதான், வெளில சொல்ல மாட்டாங்க. போனதும் சாக்கை விரிக்கணும். பைல இருக்கற ஸ்பேனர் அத்தனையையும் எடுத்து வரிசையா வெக்கணும், வேண்டியது ஒண்ணுதான்னாலும். மாடிக்கு ஏறி டேங்கைத் திறந்து பாக்கணும். டேங்குக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தமே இருக்காது, இருந்தாலும் பாக்கணும். பாத்துட்டு இறங்கி வந்து ஒரு தடவ ம்ஹூம்னு தலையை ஆட்டணும். வீட்டுக்காரரு என்னாச்சுன்னு பதறுவாரு. பாக்கலாம் சார்னு சொல்லணும். குழாய் மரைல சுத்தற டேப்பு பைலயே கிடக்கும், ஆனாலும் கடைக்குப் போயிட்டு வரேன்னு கிளம்பணும், வழில ஒரு டீயைக் குடிச்சுட்டு வரணும். ஐநூறு ரூபா சொன்னேன்னா ஒரு மணி நேரம். ஆயிரம்னா ஒண்ணரை. அதுக்கு மேலன்னா ரெண்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. வேலை எவ்வளவு நேரம் பிடிக்குதுங்கறது வேற விஷயம். ரேட்டுக்குத் தகுந்த நேரம் அங்க இருக்கணும். அப்படி இருந்தா ஒருத்தர் மூஞ்சியும் மாறல சார். காபி குடுத்தாங்க, வயசான காலத்துல இவ்வளவு சிரமமான்னு கேட்டாங்க, சொன்னதுக்கு மேல பத்து இருபது சேத்தும் குடுத்தாங்க.

ஃபோன் விஷயத்துலயும் ஒரு சட்டம் வெச்சிருந்தேன். ஒரு தடவ ஒரு வீட்ல, நீ ஃபோன் பேசற நேரத்துக்கும் சேத்து நான் கூலி குடுக்கணுமான்னு ஒரு ஆளு கேட்டுட்டாரு. சுருக்குன்னு ஆயிடுச்சு. அதுலேருந்து வேலைக்குப் போனா ஃபோனோட சத்தத்தை அமத்தி, வண்டிப் பெட்டில போட்டுப் பூட்டிருவேன். திரும்பி வந்துதான் எடுப்பேன். இப்பதான் இப்படி எதிர்ல வெச்சுக்கறது.

இன்னாசிக்கு இதெல்லாம் பிடிக்கல. இன்னாசி என் மச்சான், என் சம்சாரத்தோட தம்பி. பதினாலு வருஷம் நானும் அவனும் ஒண்ணாத்தான் தொழில் பண்ணினோம். கையி அப்படி ஒரு வேகம் அவனுக்கு. என்னை விட வேகம், அதை நான் எங்க வேணாலும் சொல்வேன். அவனை ஒரு வீட்டுக்கு அனுப்பினா நான் வண்டியைத் திருப்பி நிறுத்தறதுக்குள்ள முடிச்சுட்டு வெளில வந்து நிப்பான். உள்ள போயி இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டு வாடான்னு நானே தள்ளி விட்டிருக்கேன். உள்ள போயி என்ன மாமா பண்றதும்பான். எதையாவது கழட்டி மாட்டுடாம்பேன். நல்லா இருக்கறதை எதுக்கு மாமா கழட்டணும்பான். இவன்கிட்ட என்னத்தைப் பேசறது.

ஒரு நாள் ஒரு அட்டையோட வந்து நின்னான். கம்ப்யூட்டர் சென்டர்ல அடிச்சு, மேல பிளாஸ்டிக் ஒட்டி, ரெண்டு பக்கமும். குழாய் வாஷர் மாத்த இவ்வளவு, சிங்க் அடைப்பு எடுக்க இவ்வளவு, ஃப்ளஷ் டேங்க் இவ்வளவுன்னு முப்பது வேலைக்கு மேல ரேட்டுப் போட்டிருக்கான். வாசல்லயே இதைக் காட்டிருவோம், அப்புறம் அஞ்சு நிமிஷம் ஆனா என்ன, அஞ்சு மணி நேரம் ஆனா என்னங்கறான். அப்ப அவன் சொன்னது எனக்கு அப்படியே நினைவு இருக்கு.

"மாமா, நமக்குத் தெரிஞ்சிருக்கறதுக்குத்தான் காசு. உக்காந்திருக்கறதுக்கு இல்ல."

நான் சிரிச்சேன். ஓட்டல்காரன் மாதிரி அட்டையைத் தூக்கிட்டுப் போகச் சொல்றியாடான்னேன். பால் கவர் கதையைச் சொன்னேன். அட்டைல நானூறுன்னு போட்டிருந்தா மட்டும் அந்த ஆளு குடுத்திருப்பானான்னு கேட்டேன். குடுக்கறவன் கூப்பிடட்டும், குடுக்காதவன் கூப்பிட வேணாம்னான். வீட்டு வாடகை யாரு குடுப்பா, உங்க அப்பனான்னு கேட்டுட்டேன். அது நான் கேட்டிருக்கக் கூடாது. அவங்க அப்பா செத்து அப்ப ரெண்டு மாசம்தான் ஆகியிருந்தது.

அதோட பிரிஞ்சான். சண்டை கிண்டை ஒண்ணும் பெருசா இல்ல. ஸ்பேனரைப் பிரிச்சுக்கிட்டோம், ஏணியை அவன் எடுத்துக்கிட்டான். முதல் ஆறு மாசம் அவனை எவனும் சீந்தல, எனக்கு அது நல்லாத் தெரியும். அப்புறம் ஒரு அபார்ட்மெண்ட் செகரட்டரி கண்ணுல அந்த அட்டை பட்டிருக்கு. லிஃப்ட்டுப் பக்கத்துல ஒட்டி வெச்சிருக்காரு. இப்ப அவனுக்கு ஏழெட்டு அபார்ட்மெண்ட். நல்லா இருக்கட்டும். நான் ஒண்ணும் பொறாமைப்படல.

என் சம்சாரம் எந்தப் பக்கம்னு கேக்க வர்றீங்க. தம்பி பக்கம்தான், வேற என்ன. அமலோற்பவம்னு பேரு, அமலின்னு கூப்பிடுவேன். அவளுக்கு ரேட்டும் தெரியாது, பைப்பும் தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் சோறு. முடிச்சுட்டு வீட்டுக்கு வர்றதுக்கு என்ன கேடு, சோத்தைச் சூடா தின்னா ஆகாதான்னு கேப்பா. தனியா உக்காந்து திங்கவும் மாட்டா. சக்கரை இருக்குடி, நேரத்துக்குச் சாப்பிடுன்னு சொன்னா, சக்கரை எனக்கா உங்க ரேட்டுக்கான்னு கேப்பா. வாய் மட்டும் அப்படி.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு சார். அவளுக்கு என் கணக்கு மனப்பாடம். காலைல நான் கிளம்பறப்ப என்ன வேலைன்னு கேக்க மாட்டா. எவ்வளவு சொல்லியிருக்கீங்கன்னு கேப்பா. ஐநூறுன்னா, அப்ப பன்னெண்டுக்கு உலை வெக்கறேம்பா. ஆயிரம்னா, அப்ப ஒரு மணியாகும்பா. ரேட்டைக் கேட்டுத்தான் எங்க வீட்ல அரிசி களைஞ்சது. ஒரு நாளும் தப்பினதில்ல. நான் வண்டியை நிறுத்தறப்ப சோறு வடிச்சு அஞ்சு நிமிஷம்தான் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரங்க அதிசயப்படுவாங்க.

வாசல்லயே எவ்வளவுன்னு கேட்டது அவளுக்கப்புறம் நீங்கதான். அதான் இவ்வளவு பேசறேன் போல.

தண்ணி வேணாம் சார். சரி, குடுங்க.

போன வருஷம் ஆவணி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. தில்லைநகர்ல ஒரு ஜவுளிக்கடைக்காரரு பங்களா. முதல் நாள் சாயங்காலமே கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. சுவத்துக்குள்ள புதைச்சு வெக்கற ஃப்ளஷ் டேங்க், தண்ணி நிக்காம ஓடிக்கிட்டே இருக்குன்னாங்க. வெளிநாட்டு டேங்க், பாத்து ஜாக்கிரதையாச் செய்யணும்னாங்க. ஆயிரத்து எட்டுநூறு ஆகும்னேன். சரின்னுட்டாங்க. காலைல கிளம்பறப்ப அமலி கேட்டா. சொன்னேன்.

"அப்ப ஒரு மணிக்கு மேலதான்"னா. அவ்வளவுதான் சொன்னா. நெஞ்சைத் தடவி விட்டுக்கிட்டு இருந்தா, காலைல தின்ன இட்லி செரிக்கலன்னா. நான் செருப்பை மாட்டிட்டு இருந்தேன். சோடா வாங்கிக் குடின்னேன்.

பத்தே காலுக்குப் போயிட்டேன். சாக்கை விரிச்சேன். ஸ்பேனரை அடுக்கினேன். அது பெரிய வேலை மாதிரி தெரியும் சார், வெளிநாட்டு டேங்க்குன்னா எல்லாரும் பயப்படுவாங்க. முன்னாடி இருக்கற பட்டன் தகட்டைக் கழட்டினா உள்ள கைக்கு எட்டிரும். உள்ள ஒரு ரப்பர் வாஷர், தேஞ்சு போயிருந்தது. அந்த அளவு வாஷர் என் பைலயே இருந்தது. மாத்தினேன். தண்ணி நின்னுடுச்சு. கையைத் துடைச்சுட்டு வெளில எட்டிப் பாத்தேன், ஹால்ல பெரிய கடிகாரம், பத்தரை.

ஆயிரத்து எட்டுநூறு சொல்லிட்டு கால் மணி நேரத்துல எப்படி வெளில வர்றது? நீங்களே சொல்லுங்க. மாடிக்குப் போனேன், டேங்கைப் பாத்தேன். மேல நல்ல காத்து. இறங்கி வந்து தகட்டை மறுபடி கழட்டினேன். இருந்த வாஷரையே எடுத்து, கழுவி, மறுபடி வெச்சேன். அந்தம்மா வந்து ரொம்ப கஷ்டமான வேலையாங்கன்னு கேட்டாங்க. ஆமாம்மா, உள்ள கை போக மாட்டேங்குதுன்னேன். காபி போட்டுக் குடுத்தாங்க. நல்ல காபி, பில்டர் காபி. சூடா இருந்தது. ஊதி ஊதிக் குடிச்சேன். கடிகாரத்தைப் பாத்தேன், பத்து அம்பது. இன்னும் ஒண்ணரை மணி நேரம் ஓட்டணுமேன்னு நெனைச்சுக்கிட்டே குடிச்சேன்.

பன்னெண்டே முக்காலுக்குப் பையைக் கட்டினேன். ரெண்டாயிரமா குடுத்தாங்க, மீதி வேணாம்னுட்டாங்க. ரொம்ப சிரமப்பட்டீங்கன்னாங்க. நல்ல மனுஷங்க. வெளில வந்து வண்டிப் பெட்டியைத் திறந்து ஃபோனை எடுத்தேன்.

பத்து அம்பத்தொண்ணுக்கு ஒரு தடவ கூப்பிட்டிருக்கா. பத்து அம்பத்து நாலுக்கு ஒரு தடவ. பதினொண்ணு அஞ்சுக்கு ஒரு தடவ. அதுக்கப்புறம் வேற வேற நம்பர்லேருந்து நிறைய.

அவ ஃபோன்ல ஒண்ணாம் நம்பர் பட்டனை அழுத்தினா எனக்கு வரும், ரெண்டை அழுத்தினா இன்னாசிக்குப் போகும். நான்தான் அப்படி வெச்சுக் குடுத்தேன். இன்னாசி அன்னைக்குப் பீமநகர்ல வேலை பாத்துட்டு இருந்திருக்கான், எங்க வீட்லேருந்து கூப்பிடற தூரம். ரெண்டை அழுத்தவே இல்ல அவ. ஏன்னு தெரியல. மூணு தடவையும் ஒண்ணைத்தான் அழுத்தியிருக்கா. எதிர் வீட்டம்மா பன்னெண்டு மணிக்கு ஏதோ கேக்க வந்திருக்காங்க, அடுப்படி வாசல்ல கிடந்திருக்கா. ஆட்டோல தூக்கிப் போட்டுக் கொண்டு போயிருக்காங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போறப்ப முடிஞ்சிருச்சு. ஹார்ட் அட்டாக்குன்னாரு டாக்டர். முன்னாடியே கொண்டு வந்திருந்தா பொழைச்சிருப்பாளான்னு கேட்டேன். அதெல்லாம் உறுதியா சொல்ல முடியாதுங்கன்னாரு. கேட்டீங்களா? டாக்டரே சொல்ல முடியாதுன்னுட்டாரு.

தில்லைநகர்லேருந்து எங்க வீடு வண்டில பதினஞ்சு நிமிஷம். நான் அதையெல்லாம் சேத்துப் பாக்கறதில்ல. பாத்து என்ன ஆகப் போகுது?

நான் அழல சார். அடக்கத்தன்னைக்கும் அழல. பொண்ணு ஓசூர்லேருந்து வந்து விழுந்து விழுந்து அழறா, பந்தல் போட்டவன் கயிறைச் சரியாக் கட்டல, நான் அதைப் பாத்துக்கிட்டு நிக்கறேன். கல்லு மாதிரி இருக்காருன்னு பேசினாங்க, என் காதுலயே விழுந்தது. கல்லும் இல்ல. மரத்துப் போன கால்ல கிள்ளினா எப்படி இருக்கும், தெரியும், ஆனா வலிக்காது. அப்படித்தான் இருந்தது. இப்பவும் அப்படித்தான் இருக்கு. எப்பவாவது வலிச்சாத் தேவலன்னு தோணும்.

மூணாம் நாள் சொந்தக்காரங்கெல்லாம் கிளம்பினதுக்கப்புறம் நானும் இன்னாசியும்தான் வீட்ல இருந்தோம். மடக்கு நாற்காலியையெல்லாம் மடிச்சு அடுக்கிட்டு என் பக்கத்துல வந்து உக்காந்தான். பிரிஞ்சதுக்கப்புறம் அன்னைக்குத்தான் அப்படிப் பக்கத்துல உக்காந்தது. அவனுக்கும் அக்கான்னா உசிரு. அவ ஃபோன் அவன் கைல இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே இருந்தான். அப்புறம் கேட்டான்.

"அன்னைக்கு தில்லைநகர்ல என்ன வேலை மாமா?"

சொன்னேன். ஃப்ளஷ் டேங்க், சுவத்துக்குள்ள இருக்கறதுன்னேன்.

"என்ன போயிருந்துச்சு?"

"வாஷர்."

"வாஷர் மட்டுமா?"

"வாஷர் மட்டும்தான்."

அதுக்கு மேல அவன் ஒண்ணும் கேக்கல. அவனுக்குத் தெரியாதா சார், வாஷர் மாத்த எவ்வளவு நேரம் ஆகும்னு? அட்டைல முதல் வரியே அதுதானே. ஃபோனை மெதுவா என் பக்கத்துல வெச்சான். எந்திரிச்சான். செருப்பை மாட்டினான். தெருவுல இறங்கிப் போனான்.

அதுதான் கடைசி. அதுக்கப்புறம் என்கிட்ட அவன் ஒரு வார்த்தை பேசல. முப்பதாம் நாள் பூசைக்கு வந்தான், கோயில்ல கடைசி பெஞ்சுல இருந்துட்டு அப்படியே போயிட்டான். மார்க்கெட்ல பாத்தா தலையைத் திருப்பிக்கறதெல்லாம் இல்ல, பாப்பான். ஆனா பேச மாட்டான். ரேட்டுத் தகராறுல மாமனும் மச்சானும் பேசிக்கறதில்லன்னு பாலக்கரைல சொல்லிக்கறாங்க. நானும் ஆமான்னுட்டேன். ரேட்டுத் தகராறுதானே, வேற என்ன? அவனுக்கு ஒரு முறை, எனக்கு ஒரு முறை.

எனக்கு என்ன கோவம்னா சார், அவன் திட்டியிருக்கலாம். சட்டையைப் பிடிச்சு உலுக்கியிருக்கலாம். ஃபோனை ஏன் எடுக்கலன்னு கேட்டிருந்தா சட்டத்தைச் சொல்லியிருப்பேன். அவ்வளவு நேரம் என்ன பண்ணினீங்கன்னு கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பேன். மாடிக்குப் போனேண்டா, காபி குடிச்சேண்டான்னு சொல்லியிருப்பேன். யாராவது கேட்டாத்தானே சொல்ல முடியும். நானாப் போயி எப்படிச் சொல்றது? ஒரு கேள்வியைப் பாதில நிறுத்திட்டுப் போயிட்டான். மீதிக் கேள்வி வருமா வருமான்னு நானும் இதோட பதினாலு மாசமா இருக்கேன். ஃபோன் சத்தத்தைக் கூட்டி வெச்சிருக்கறதுகூட, சொல்லப் போனா, அதுக்காகத்தான்னு வெச்சுக்கங்க.

இப்ப வேலையெல்லாம் குறைச்சுட்டேன். பொண்ணு ஓசூருக்கே வந்துருங்கப்பாங்கறா. அங்க போயி என்ன பண்றது, அவங்க வீட்டுக் குழாயெல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. இங்கன்னா மாசத்துக்கு நாலஞ்சு வீடு வரும். போவேன். சாக்கை விரிப்பேன். அது கைப்பழக்கமா ஆயிடுச்சு. ஆனா ஒரு வித்தியாசம், அதை நான் சமீபத்துலதான் கவனிச்சேன். முன்னெல்லாம் ரேட்டுக்காக இருப்பேன், எப்படா ரெண்டு மணி நேரம் முடியும்னு இருக்கும். இப்ப நூறு ரூபா வேலைக்குப் போனாலும் எந்திரிக்கத் தோண மாட்டேங்குது. பாத்திரம் கழுவற சத்தம், டிவி சத்தம், யாராவது யாரையாவது கூப்பிடறது. நீங்ககூட இப்ப உள்ள பாத்து, டீ போடுன்னு சொன்னீங்களே. அதெல்லாம் கேட்டுக்கிட்டு உக்காந்திருவேன்.

டீ நல்லா இருக்கு சார். வீட்ல சொல்லுங்க.

மணி என்ன ஆச்சு? அட, பேசிக்கிட்டே இருந்துட்டேன். உங்களுக்கும் வேலை இருக்கும். போயிக் குழாயைத் திறந்து மூடிப் பாருங்க. பரவால்ல, தைரியமாத் திறங்க.

நின்னுடுச்சா? நிக்கும் சார். அது அப்பவே நின்னுடுச்சு.

உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. உள்ள பசையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாஷர்தான் போயிருந்தது. மாத்திட்டேன். நீங்க வந்து அந்த சோபால உக்கார்றப்பவே வேலை முடிஞ்சு அஞ்சு நிமிஷம் ஆகியிருந்தது. இறுகறதுக்கு அங்க எதுவுமே இல்ல.

ரேட்டு கேட்டீங்கள்ல. இருநூத்தம்பது குடுங்க. எங்க பிடிச்சேன்னா, இன்னாசி அட்டைல முதல் வரில இதுக்கு அவ்வளவுதான் போட்டிருக்கான். பழைய அட்டை ஒண்ணு வண்டிப் பெட்டில கிடக்கு, நான் யாருக்கும் காட்டறதில்ல. அது சரியான ரேட்டுதான் சார். இருநூத்தம்பதுன்னா அமலி நான் தெரு முனை தாண்டறதுக்குள்ள உலை வெச்சிருவா.

ஐநூறா? சில்லறை இருக்கு, இருங்க தரேன். இல்ல சார், வேணாம். மீதியைப் பிடிங்க. கட்டாயம் பிடிங்க.

சரி, வரட்டுமா. பை எங்க வெச்சேன். இதோ இருக்கு.

சார், பின்னாடி துணி துவைக்கற இடத்துல ஒரு குழாய் பாத்தேனே, லேசா சொட்டற மாதிரி இருந்தது. எனக்குத் தோணுச்சோ என்னவோ. ஒரு தடவ பாத்துரட்டா? அதுக்கு ரேட்டெல்லாம் ஒண்ணும் இல்ல. நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க, நான் மெதுவாப் பாத்துக்கறேன்.